தீப்பெட்டிகளில் ஒரு பள்ளத்தாக்கு

மிஸ்ஸை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு மாச்சல்லடைதான். கண்டிச் சந்தையில் பாத்திரக்கடைக்காரரிடம் அவர் அதை வாங்கிய காலையில் நானும் கூட நின்றேன். சல்லடையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வலையின் ஓட்டைகளைப் பார்த்தார். இது பெரிது என்றார். இன்னொன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இது சிறிது என்றார். கடைக்காரர் பொறுமை இழந்து, இடியப்பத்துக்கா பிட்டுக்கா என்று சொன்னால் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். நத்தைக்கு என்றார் மிஸ், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த மனுசியோடு வெளியே போகும்போதெல்லாம் கூரையையோ வானத்தையோ பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

நான் அப்போது கண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்வி நிலையத்தின் விலங்கியல் பகுதியில் படம் வரைபவளாக வேலை பார்த்தேன். தவளையின் குடல், கரப்பானின் கால், மீனின் செவுள் என்று மாணவர்களுக்காகப் பெரிய தாள்களில் மையால் வரைந்து சுவரில் மாட்டுவது என் தொழில். பிறந்ததும் வளர்ந்ததும் கண்டி நகரத்தின் மஹய்யாவ. அம்மாவும் அண்ணனும் நானுமாக ஒரு சின்ன வீடு. மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், விரிவுரையாளர், என்னைவிட ஓரிரண்டு வயதுதான் மூத்தவர். ஒரு சிங்கள அம்மாவின் வீட்டோடு ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தார். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களிடம், மழைக்காலத்தில் நேரம் இல்லை, வெயில்காலத்தில் களைப்பாக இருக்கிறது என்பார். ஒருநாள் நான் வரைந்த மீனை நெடுநேரம் பார்த்துவிட்டு, உமக்குக் கோடு நடுங்குவதில்லை, என்னோடு காட்டுக்கு வாரும் என்றார். அவர் என்னை நீர் என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. முதலில் கோபமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது.

நத்தை தேடுவது ஒரு கௌரவமான வேலை இல்லை. மழை விட்டும் விடாத நேரத்தில்தான் நத்தை வெளியே வரும். ஆகவே ஊரே வீட்டுக்குள் ஓடும்போது நாங்கள் வெளியே ஓடுவோம். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, கன்வஸ் சப்பாத்துப் போட்டு, அட்டை கடிக்காமல் இருக்கக் காலெல்லாம் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவோம். அட்டை அதையும் மீறி ஏறும். காட்டில் மக்கிய இலையை அள்ளிச் சல்லடையில் போட்டு, வெள்ளைத் துணிமேல் ஆட்ட வேண்டும். மண் விழும், எறும்பு விழும், கடைசியில் கடுகு அளவில் ஓர் ஓடு விழும். அதைக் கண்டதும் மிஸ் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சுக் காற்றிலேயே பறந்துவிடும் அளவுக்குச் சிறியவை சில. இன்னும் சில ஆற்றுப் பாறையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். இழுக்கிற தண்ணீரில் நாங்கள் நிற்க முடியாமல் தடுமாறும்போது அவை பாட்டுக்கு அசையாமல் இருக்கும். எனக்கு இதெல்லாம் அருவருப்பாகத்தான் இருந்தது. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வரையத் தொடங்கிய பிறகுதான் அருவருப்புப் போனது. தட்டையான ஒரு வகை உண்டு. வாய்க்குள்ளே மிக நுண்ணிய வெள்ளைப் பற்கள் போல மேடுகள் இருக்கும். அவற்றை வரைய நான் ஒரு முழு வாரம் எடுத்தேன்.

மிஸ்ஸுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. நத்தையைக் கையில் எடுத்தால், அடுத்த அடி வைக்கும் முன்பே, எங்கே எடுத்தது என்று பென்சிலால் சீட்டில் எழுதி அந்த நத்தையோடு பெட்டிக்குள் போட வேண்டும். ஊர், எந்தப் பாலத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை, எவ்வளவு உயரம், என்ன மரம். பெட்டி என்றால் தீப்பெட்டிதான். மஹய்யாவ தேத்தண்ணிக் கடையில் வெறும் தீப்பெட்டிகளை எனக்காகச் சேர்த்து வைப்பார்கள். வீட்டுக்குப் போய் எழுதலாமே என்று நான் ஒருமுறை முணுமுணுத்தபோது மிஸ் அதிகம் கோபப்படவில்லை. ஆனால் அவர் சொன்னது மறக்கவில்லை.

"எங்கை எடுத்ததெண்டு தெரியாத நத்தை, எடுக்காத நத்தையை விட மோசம். அது பொய் சொல்லும்."

இதன் அர்த்தம் எனக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. நத்தை ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போகாது. நடுவில் ஒரு காய்ந்த வெளி இருந்தால் போதும், அதற்கு அது கடல். அதனால் ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு ஓடையிலும் அது தனித்தனியே மாறிக்கொண்டு போயிருக்கிறது. பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஓடுகள், இரண்டு ஓடைகளுடையவை என்று தெரிந்தால் இரண்டு வகை. எங்கள் மலைகளில் இருப்பவற்றில் பெரும்பங்கு உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று மிஸ் சொல்வார். அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார், கவலையாகத்தான் சொல்வார்.

கவலைக்குக் காரணம் இருந்தது. மகாவலியை மறித்து விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். தும்பறைப் பள்ளத்தாக்கும் பழைய தெல்தெனிய நகரமும் தண்ணீருக்குக் கீழே போகப்போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்களுக்குப் புது இடம் பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே ஆற்றங்கரையில் இருந்த நத்தைகளை யாரும் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. தண்ணீர் வருவதற்குள் அந்தப் பள்ளத்தாக்கை முடித்துவிட வேண்டும் என்பது மிஸ்ஸின் பிடிவாதம். அவருடைய படிப்பும் பட்டமும் எல்லாம் அதில் வந்து நின்றன என்று சொல்லலாம். பட்டத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு இடம் அழியப் போகிறது, அங்கே யார் இருந்தார்கள் என்று ஒருவராவது பார்த்திருக்க வேண்டாமா என்பார். அவ்வளவுதான்.

அதற்கு நடுவில் எண்பத்து மூன்று ஆடி மாதம் வந்தது. அந்த நாட்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு மறுபடி சொல்ல அலுப்பாக இருக்கிறது. கண்டியில் தமிழர் கடைகள் எரிந்த புகை எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியில் படிந்திருந்தது. எவ்வளவு தோய்த்தும் அந்த மணம் போகவில்லை. அண்ணன் எங்களைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த சொந்தக்காரரின் லயத்து அறைக்குக் கூட்டிப்போனார். மிஸ்ஸை வீட்டுக்கார அம்மா தேங்காய் போட்டு வைக்கும் அறையில் வைத்துப் பூட்டி, வெளியே ஒரு கதிரையைப் போட்டுத் தானே உட்கார்ந்திருந்தாராம். தேடி வந்தவர்களிடம், தமிழச்சி எப்போதோ போய்விட்டாள் என்று ஏசி அனுப்பினாராம். மிஸ் இதைச் சொல்லும்போது தேங்காய் மட்டையில் ஒரு நத்தை இருந்ததையும் சேர்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிஸ்ஸின் தம்பி அவரைக் கூட்டிப்போக வந்தார். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை ஒழுங்கு செய்திருந்தார். எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்து, நத்தைக்காகச் சாகப்போகிறாயா அக்கா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மிஸ் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அணையை மூடித் தண்ணீர் வந்ததும் வாறன் என்றார். தண்ணீர் வந்த பிறகு இங்கே எனக்கு என்ன வேலை என்றும் கேட்டார். அப்படி ஒரு வாக்குக் கொடுத்துத்தான் அவர் தங்கினார்.

அதற்குப் பிறகு நாங்கள் போன ஒவ்வொரு பயணமும் களைப்பு. மழை, அட்டை, ஏற்றம் எல்லாம் முன்பும் இருந்தவைதான். இப்போது வழியில் ஆமியோ பொலிசோ மறிப்பார்கள். அடையாள அட்டையைக் கேட்பார்கள். மிஸ்ஸின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அதைக் கண்டதும் பார்க்கிறவரின் முகம் ஒரு தரம் மாறும். என் அட்டையில் கண்டி என்று இருக்கும். அதை நம்பாமல் என் நெற்றிப் பொட்டைப் பார்ப்பார்கள். நத்தைக்கு ஊர் இல்லாவிட்டால் மதிப்பில்லை, மிஸ்ஸுக்கு ஊர் இருந்ததால்தான் தொல்லை. இதை நான் ஒருநாள் பஸ்ஸில் அவரிடமே சொன்னேன். ஓம் என்று மட்டும் சொல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஒரு பயணத்தில் அந்தச் சீட்டுகளாலேயே மாட்டிக்கொண்டோம். தீப்பெட்டியைத் திறந்த பொலிஸ்காரர் நத்தையைக் கவனிக்கவில்லை, சீட்டைத்தான் கவனித்தார். அணை, பாலம், இவ்வளவு கஜம் வடகிழக்கு, இவ்வளவு அடி உயரம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி அணைக்குப் பக்கத்தில் தூரமும் திசையும் குறித்துக்கொண்டு திரிகிறாள் என்று ஆனது. பின்னேரம் முழுவதும் ஒரு பலகை வாங்கில் உட்கார வைத்தார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். வேலை செய்யும் இடத்தில் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எங்கள் பகுதித் தலைவரே வந்து, தன் பொறுப்பில் எங்களைக் கூட்டிப்போனார். கூடத்துக்கு வந்ததும், இனி இந்தச் சீட்டுகளோடு வழியில் பிடிபட்டால் தன்னால் வர முடியாது என்றார். அவர் நல்ல மனுசன், பயந்த மனுசன். அந்த நாட்களில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அன்றுதான் மிஸ் தன் சட்டத்தைத் தானே மாற்றினார். இனி வழியில் எழுத்து ஒன்றும் இருக்காது. வரிசைதான் சீட்டு. சந்தைக் கூடை ஒன்றில் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவோம். முதல் இடத்தில் எடுத்தவை கூடையின் அடியில் இடமிருந்து வலம், அடுத்த இடம் அதற்கு மேலே, அப்படியே போகும். கூடத்துக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்து அப்போது சீட்டு எழுதுவோம். இருவர் மனதிலும் இடங்கள் இருக்கும், ஒருவர் மறந்தால் மற்றவர் சொல்வார். பல பயணங்களுக்கு இது ஒரு பிழையும் இல்லாமல் நடந்தது. எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மிஸ்ஸுக்கு இருக்கவில்லை. கூடையை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவார்.

கடைசியாக நத்தை எடுக்கப் போனது அணையை மூடிய பிறகு. கீழே தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டுப் போனோம். பழைய தெல்தெனியவில் வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆட்கள் ஓடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றி லொறிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் முஸ்லிம் கடைக்காரரும் கடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். திகனவில் அவருக்குப் புது இடம் கிடைத்திருந்தது. அடுப்பு மட்டும் இன்னும் எரிந்தது. எங்களைக் கண்டதும், இன்னும் நத்தைதானா என்று சிரித்துக்கொண்டே கிளாஸைக் கழுவினார்.

"வாப்பாட கடை, நான் பொறந்ததும் இதுக்குப் பின்னுக்குத்தான். நாங்க லொறில ஏறிப் போற. இந்த நத்தைக்கு யாரு மிஸ் வீடு குடுக்கிற?"

அவை வீட்டையும் தூக்கிக்கொண்டுதானே திரிகின்றன என்று மிஸ் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பலகையைக் கழற்றப் போனார். தேத்தண்ணிக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று மூன்று இடங்களில் தேடினோம். ஆற்றங்கரைப் பாறைகள் ஒன்று. மூங்கில் அடைத்த ஓர் ஓடைப் பள்ளம் இரண்டாவது. அதற்கு எதிர்க்கரையில், புத்த பிக்குகளின் பழைய பன்சலைக்குப் பின்னால் வெட்டாமல் விட்டிருந்த சின்னக் காடு மூன்றாவது. மூன்றிலும் அந்தப் பல்லுள்ள தட்டை நத்தை கிடைத்தது. நாங்கள் வேறெங்கும் கண்டதைவிடச் சிறியது, நிறமும் வேறு. ஓடையில் எடுத்ததைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்த மிஸ், பற்கள் வேறு மாதிரி இருக்கின்றன என்று மெல்லச் சொன்னார். எதிர்க்கரையில் எடுத்ததையும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார். மூன்று இடம், மூன்று வகை. அவர் அப்படித்தான் நினைத்தார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் கலவரத்துக்குப் பிறகு அவரை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டது அந்த ஒரு பின்னேரம்தான். திரும்பும்போது ஓடைப் பள்ளத்தின் வாயில் தண்ணீர் வந்து, மூங்கில் சருகுகளைத் தூக்கி மிதக்கவிட்டுக்கொண்டிருந்தது.

வழியில் மறித்தார்கள். புதிதாக வந்த ஆமிக்காரர்கள். கூடையைப் பார்த்தவன் சின்னப் பையன், மீசை கூட ஒழுங்காக வரவில்லை. எங்களை நோனா என்று மரியாதையாகக் கூப்பிட்டான். கூடையை வாங்கி, மேசையில் ஒரு சாக்கை விரித்து, தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தான். முதல் பெட்டியில் நத்தை கொம்பை நீட்டியது. பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் ஊரில் கித்துள் மரத்தடியில் பெரிய நத்தைகள் இருக்கும் என்றும் சின்ன வயதில் அவற்றோடு விளையாடியதாகவும் சொன்னான். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்து, நத்தை கொம்பை உள்ளே இழுக்கும்வரை பொறுத்து, நசுங்காமல் மூடினான். மூடியவற்றைச் சாக்கின்மேல் ஒரு பக்கம் தள்ளி வைத்தான்.

எங்கேயோ ஓரிடத்தில் வரிசை போய்விட்டது என்று கண்டுகொண்டேன். மிஸ்ஸைப் பார்த்தேன். அவரும் கண்டுவிட்டார். பெட்டிகள் ஒன்றோடொன்று கலந்துகொண்டே போயின. நான் வாயைத் திறந்தேன். மிஸ் என் முழங்கையில் கை வைத்தார். வரிசை முக்கியம் என்று சொன்னால், வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எந்தெந்த இடம் என்று சொல்ல வேண்டி வரும். அணைக்குப் பக்கத்தில் மூன்று இடங்களை மனதில் மறைத்துக்கொண்டு வருகிற யாழ்ப்பாணத்துப் பெண்ணாக அவர் மறுபடியும் அந்த வாங்கில் உட்கார வேண்டும். இந்தத் தடவை கூட்டிப்போக யாரும் வர மாட்டார்கள். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பையன் பள்ளத்தாக்கைக் கலப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவன் அவற்றை அள்ளிக் கொட்டவும் இல்லை. எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, பெரிய பெட்டிகளைக் கீழேயும் சிறியவற்றை மேலேயும் வைத்து, நாங்கள் அடுக்கியதைவிட அழகாக அடுக்கிக் கொடுத்தான். குலுங்காமல் இருக்க மேலே இலையும் வைத்தான். கவனமாகப் போய் வாருங்கள் நோனா என்றான். மிஸ் தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அவனுக்கு நன்றி சொன்னார். அவன்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. கோபப்பட ஒருவன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மிஸ் பெட்டிகளை மேசையில் பரப்பினார். ஆற்றுப் பாறையின் கறுப்பு நத்தைகளில் சிக்கல் இல்லை, அவை ஆற்றில் மட்டும்தான் இருக்கும். தட்டை நத்தைகள்தான் சிக்கல். ஓடையில் எடுத்தவற்றில் செம்மண் ஒட்டியிருக்கும் என்று நான் சொன்னேன். எதிர்க்கரையிலும் ஒரு மூலையில் செம்மண் இருந்தது என்றார். பற்களை வைத்துப் பிரிக்கலாமே என்றேன். பற்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன என்று காட்டத்தானே இதையெல்லாம் எடுத்தோம், பற்களை வைத்து இடத்தை முடிவு செய்தால் பிறகு எதைக் காட்டுவது என்று கேட்டார். ஆனாலும் முயன்று பார்த்தார். பெட்டிகளின் அடியில் இலக்கம் இட்டு, காலையில் மூன்று குவியலாகப் பிரித்துக் குறித்து வைத்து, கலைத்துவிட்டு, பின்னேரம் குறிப்பைப் பார்க்காமல் மறுபடி பிரித்தார். அடுத்த நாளும் செய்தார். என்னையும் தனியே பிரிக்கச் சொன்னார். பெரும்பாலானவை ஒத்துப்போயின. சில போகவில்லை. எவை ஒத்துப்போகின்றன, எவை போகவில்லை என்பதும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தண்ணீர் மூடிக்கொண்டிருக்கிறது, இவர் தேங்காய் அறையில் பூட்டிக் கிடந்து உயிரைக் கையில் பிடித்து இதற்காகத்தான் தங்கினார், கடைசியில் ஒரு சின்னப் பையன் மரியாதையாக அடுக்கிக் கொடுத்ததால் எல்லாம் வீணா என்று இருந்தது. எழுதிவிடுங்கள் என்று சொன்னேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள், அந்த இடமே இருக்காது என்று சொன்னேன்.

"உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் மிஸ். எழுதிருங்க."

மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அந்த இடம் இருந்தால் பிழை விட்டாலும் ஒருத்தர் போய்ப் பாத்துத் திருத்தலாம். இனி ஒருத்தரும் திருத்தேலாது. எனக்குத் தெரியும் எண்டுதான் நானும் நினைக்கிறன். நினைக்கிறதை எழுதேலாது."

அந்த வாரமே இன்னொரு முறை போனோம். கூடை இல்லாமல், வெறுங்கையோடு. பஸ் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஓடைப் பள்ளமும் எதிர்க்கரைக் காட்டின் அடியும் போய்விட்டன. மூங்கில்களின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. மிஸ் கரையில் கொஞ்ச நேரம் நின்றார். காலைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். பிறகு, பஸ்ஸை விடக்கூடாது, வாரும் என்றார். கூடத்துக்கு வந்து, தட்டை நத்தைகள் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிச் சாடியில் போட்டு ஸ்பிரிட் ஊற்றி, பென்சிலால் ஒரு சீட்டு எழுதிப் போட்டார். தும்பறைப் பள்ளத்தாக்கு, இடம் தெரியாது. நான் அந்த ஓடுகளை வரைந்தேன். படத்துக்குக் கீழே எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சொன்ன வாக்குப்படி அவர் யாழ்ப்பாணம் போனார். கண்டி ரயில் நிலையத்துக்கு நானும் வீட்டுக்கார அம்மாவும் போயிருந்தோம். பொல்கஹவெலவில் ரயில் மாறும்போது பெட்டிகள் கவனம் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் என்னிடம் அழவில்லை. உமக்கு நல்ல கோடு, அதைத் தவளைக்குச் செலவழியாதேயும் என்றார். நான் அதற்குப் பிறகும் தவளைதான் வரைந்தேன். வேறு யார் எனக்கு நத்தை தருவார்கள்?

சில வருடம் கடிதம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிணற்றடியில் கண்ட நத்தைகள், ஊரின் சுண்ணாம்புக் கல்லில் ஓடு எவ்வளவு தடிப்பாக வளர்கிறது என்று எழுதுவார். பிறகு பாதை மூடியது, கடிதமும் நின்றது. யுத்தம் முடிந்த பிறகு அவருடைய தம்பி கண்டிக்கு வந்தபோது என்னைத் தேடி மஹய்யாவ வரை வந்தார். அவரும் கிழவராகிவிட்டார். அக்கா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனார், காய்ச்சலில் இறந்தார் என்று சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் அடக்கம் செய்ததாகக் கேள்வி. எந்த இடம் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. தேடிப் பார்த்துக் களைத்துவிட்டதாகச் சொன்னார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

போன மழைக்காலத்தில் ஒரு பெண் பிள்ளை வந்தாள். சிங்களப் பிள்ளை, நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நான் ஓய்வு பெற்று எவ்வளவோ காலம், எப்படியோ விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினாள். அந்தச் சாடி. ஓடுகளின் நிறம் போய்விட்டது, பற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இவற்றில் மூன்று வகை இருக்கின்றன என்று நினைக்கிறாள். இன்று எந்த மலையிலும் அவை இல்லை. எந்தெந்த இடத்தில் எடுத்தது என்று மட்டும் தெரிந்தால், மூன்றையும் புது வகைகள் என்று வெளியிடலாம், ஒன்றுக்கு உங்கள் மிஸ்ஸின் பெயரையே வைக்கலாம் என்றாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. நல்ல பிள்ளை. என் பழைய படங்களையும் கண்டெடுத்து வைத்திருந்தாள், என் கோட்டைப் புகழ்ந்தாள்.

நான் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, ஆனாலும் தெரிந்தது. இது ஓடை, மூங்கில் வேரடியில், என் விரலில் செம்மண். இது பன்சலைக்குப் பின்னால், மிஸ் என் கையை அழுத்திய இடம். இது ஆற்றங்கரை. வாயைத் திறந்தால் போதும். புதைத்த இடம் எது என்றே தெரியாமல் போன மனுசியின் பெயர், ஒரு நத்தையிலாவது இந்த மலைநாட்டில் இருக்கும். எனக்கு அது வேண்டும்போல் இருந்தது.

நான் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை என் கையைத் தொட்டாள். நிச்சயமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை அம்மா, கூடப் போனவர் நீங்கள் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறீர்கள், நீங்கள் நினைப்பதைச் சொன்னாலே போதும் என்றாள்.

தெரியாது மகள் என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போனாள்.

எனக்குத் தெரியும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் சொல்லவில்லை.